மோட்டாருக்கு சிம் போட்டாச்சு, கடைசிக் குழாயில் குளோரின் வருகிறதா?

ஊராட்சிக்கு ஒரு கருவியோ செயலியோ வந்துவிட்டால் நிர்வாகம் மேம்பட்டுவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். கடலூர் மாவட்டக் கிராமங்களின் குடிநீர் விநியோகத்தைக் கூர்ந்து பார்த்தால் நிலைமை வேறு. கருவி வந்தபின் யாருடைய வேலை மாறியது, அது தரும் தகவல் யார் கைக்குப் போகிறது, அவருக்குச் செலவு செய்ய அதிகாரம் உண்டா என்பதையெல்லாம் முடிவு செய்யாமல் விட்டால், கூடுவது செலவு மட்டும்தான்.

மொபைல் ஸ்டார்ட்டரை எடுத்துக்கொள்வோம். ஆழ்துளைக் கிணற்று (போர்) மோட்டாரின் பேனலில் சிம் கார்டு வைத்த ஒரு பெட்டி. டேங்க் ஆபரேட்டர் இருந்த இடத்திலிருந்தே போன் செய்து மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். மூன்று ஃபேஸில் ஒன்று போனாலும், போரில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமனே ஓடினாலும், அந்தப் பாதுகாப்பு உள்ள பெட்டியாக இருந்தால் தானே நிறுத்திவிடும். மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) எரிவது குறையும். மேல்நிலைத் தொட்டியில் மிதவை சுவிட்சையும் சேர்த்து இணைத்தால் தொட்டி நிரம்பி வழியாது. நல்ல கருவி, சந்தேகமில்லை.

கெடுவது சிம்மில். ரீசார்ஜுக்கு எந்தச் செலவுத் தலைப்பில் பணம் எடுப்பது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. காலாவதியான அன்று தண்ணீர் வராது, ஊர் சத்தம் போடும். உடனே எலக்ட்ரீசியன் வந்து பெட்டியைக் கழற்றிவிட்டு டைரக்டாக லைன் கொடுத்துவிடுவார். அதோடு ஃபேஸ் பாதுகாப்பும் போய்விடும். அடுத்த மின் கோளாறில் மோட்டார் எரியும். ஆகவே கருவி வாங்கும்போதே ஓராண்டு ரீசார்ஜை பராமரிப்பு ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். சிம் இல்லாமலும் கையால் மோட்டாரைப் போட ஒரு சுவிட்ச் வேண்டும். அந்த வழியும் ஃபேஸ் பாதுகாப்பு வழியாகவே போகும்படி ஒயரிங் செய்ய வேண்டும்.

இந்தக் கடற்கரையில் இது இன்னும் முக்கியம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்தபின் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போன் டவர் விழுந்தால் சிம் பெட்டியால் பயனில்லை. ஜெனரேட்டரை இணைக்க, லைனிலிருந்து அதற்கு மாற்றிவிடும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் முன்கூட்டியே பேனலில் இருக்க வேண்டும். அவசரத்தில் ஒயரை மாற்றிக் கொடுத்தால் நீர்மூழ்கி மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். சத்தம் கேட்கும், தண்ணீர் சொற்பமாகத்தான் ஏறும்.

இதைவிடப் பெரிய இழப்பு வெளியே தெரியாமல் நடக்கிறது. முன்பு மோட்டார் போட ஆபரேட்டர் காலையும் மாலையும் தொட்டியடிக்கு வந்தாக வேண்டும். வந்த கையோடு பிளீச்சிங் பவுடரும் கலப்பார். இப்போது வர வேண்டிய அவசியமில்லை. அதனால் குளோரின் கலப்பதும் தவறிப்போகிறது. ஸ்டார்ட்டர் வாங்கும் தீர்மானத்திலேயே, குளோரின் கலக்க அவர் வரவேண்டிய நேரத்தையும் எழுதியிருக்க வேண்டும்.

அளவு எளிது. 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்று வைத்துக்கொண்டால் 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாக்கி, பிறகு வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி வைக்க வேண்டும். சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத்தான் கேட் வால்வைத் திறக்க வேண்டும். பலர் கைப்பிடிக் கணக்கில் பொடியை நேராகத் தொட்டியில் கொட்டுகிறார்கள். அது சரியாகக் கலக்காது: சில தெருக்களில் வாடை தூக்கும், வேறு தெருக்களில் ஒன்றுமே இருக்காது. உப்புக் காற்றில் மூட்டையைத் திறந்து போட்டால் பவுடரின் வீரியம் போய்விடும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டிரம்மில் வைக்க வேண்டும். ஒரு சிறிய தராசும் மூடியுள்ள டிரம்மும் கிராமத்துக்குத் தேவையான புதுமைதான். குளோரின் கலக்கும் தானியங்கிக் கருவி வாங்கிய இடங்களில் அதற்குரிய சோடியம் ஹைப்போகுளோரைட் திரவத்துக்குப் பதில் பிளீச்சிங் கரைசலை ஊற்றினால், சுண்ணாம்பு அடைத்து வால்வு நின்றுவிடும்.

சோதனையைத் தொட்டிக்குக் கீழே செய்து பயனில்லை. கடைசித் தெருவின் கடைசி வீட்டில் செய்ய வேண்டும். சோதனைப் பெட்டியில் உள்ள சொட்டு மருந்தை விட்டு, வரும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஐ.எஸ். 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரநிலைப்படி லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும். தொட்டியில் குளோரின் இருந்தும் கடைசி வீட்டில் இல்லையென்றால், பவுடரைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. விநியோகம் நின்றிருக்கும் நேரத்தில் உடைந்த குழாய் சாக்கடை நீரை உள்ளே இழுக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வரி வசூலிலும் இதே கதைதான். இணையத்தில் வீட்டு வரி கட்டலாம். ஆனால் யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று காட்டும் கேட்புப் பதிவேட்டில் இறந்துபோனவர் பெயரும் ஒரே வீட்டுக்கு இரண்டு எண்ணும் இருந்தால் கணினியும் அதே பிழையைத்தான் காட்டும்.

புகார் செயலிகளில் பதில் அனுப்பியதுமே ‘முடிக்கப்பட்டது’ என்று காட்டிவிடுவதைத் தடுக்க வேண்டும். புகார் வந்த நேரம், குழாயில் தண்ணீர் திரும்பிய நேரம் இரண்டையும் பதிந்து, புகார் கொடுத்தவர் ஒப்புக்கொண்ட பிறகே மூட வேண்டும். இடையில் தாமதமாவது பெரும்பாலும் சிறு பொருளுக்கு ஒப்புதல் வாங்குவதில். கடலூர் மாவட்ட ஊராட்சிகளில் 2025 ஜனவரி 5-இல் உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். ஒரே அதிகாரியின் மேசையில் பல ஊர்க் கோப்புகள் சேரும்போது, கப்ளிங், கேட் வால்வு, பசை போன்றவை ஊராட்சி அலுவலகத்திலேயே இருப்பில் இருக்க வேண்டும். பக்கத்துப் புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. கேள்வி கேட்க வார்டு உறுப்பினர் இல்லாத ஊரில் செயலியின் பதிலை யார் சரிபார்ப்பது? இது அங்குள்ள ஒவ்வொரு குடிமகனையும் உறுத்த வேண்டிய கேள்வி.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. அன்று கடந்த மாதக் குளோரின் பதிவேட்டை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். எந்த வீட்டுக் குழாயில், எத்தனை மணிக்கு, எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். சிம் ரீசார்ஜ் தேதியையும், மோட்டார் பழுதானால் யாருக்கு போன் செய்வது என்பதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.