மாரியில் குருவிக்குப் போடும் அரிசி

கார்த்திகை, மார்கழி மழையில் வன்னியின் பல வீடுகளில் விடிய எழும்பியதும் முற்றத்தில் ஒரு பிடி அரிசி விழும். புலுனிக் கூட்டம், மைனா, மணிப்புறா, அணில் எல்லாம் வந்து சேரும். நல்ல பழக்கம்தான். ஆனால் மிருக வைத்தியரான எனக்கு மாரியில் வரும் வில்லங்கங்கள் சில, அந்த அரிசியில்தான் தொடங்குகின்றன.

போன மாரியில் கிளிநொச்சிப் பக்கம் ஓர் அம்மாவின் நாய், முரசில் இரத்தம் கசிய, எழும்ப முடியாமல் கிடந்தது. "குருவிக்குத்தான் தம்பி போட்டனான், எலி வந்திட்டுது" என்றார். எலிக்கு மருந்து வைத்திருக்கிறார். அதைத் தின்ற எலியை நாய் தின்றுவிட்டது. இந்த நஞ்சு இரத்தத்தை உறையவிடாது. தின்ற அன்று ஒன்றும் தெரியாது. சில நாள் கழித்துத்தான் கசியும். விற்றமின் கே கொடுத்து வாரக்கணக்கில் பார்த்தோம், பிழைத்தது. அதே எலியைக் கூகையும் தின்னும். கூகை செத்தால் அடுத்த மாரியில் எலியை யார் பிடிப்பது?

எலி வந்தால் அதன் பின்னாலேயே புடையன் பாம்பும் வரும். எலியின் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் எலிக்காய்ச்சல் இருக்கும். வயலுக்குப் போகிறவருக்குத்தான் அது வரும் என்றில்லை. காலில் கீறலோடு முற்றத்துச் சேற்றை மிதிப்பவருக்கும், மாட்டுக்கும் நாய்க்கும் தொற்றும்.

பொழுதுபடும்போது முற்றத்தில் ஒரு மணியும் மிஞ்சக்கூடாது. காலையில் அரை மணித்தியாலத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். தரையில் தூவாமல் சிரட்டையில் போட்டு, மரத்தைவிட்டுத் தள்ளி நட்ட கம்பத்தில் வையுங்கள். கம்பத்தைச் சுற்றி வழுவழுப்பான தகரம் அடித்தால் எலியும் பூனையும் ஏறுவது கஷ்டம். குரங்குக்கு அது பலிக்காது! குரங்கு பழகிவிட்டதா, இரண்டு மூன்று கிழமை ஒன்றும் வைக்காதீர்கள். மாரியில் புழு பூச்சிக்குக் குறைவில்லை, குருவி பட்டினி கிடக்காது.

நனைந்து பூஞ்சணம் பிடித்த சோளமும் கச்சானும் பறவைக்கு நஞ்சு. கோழிக்கூட்டுப் பக்கம் தீனி வைக்கவே வேண்டாம். புறா ராணிக்கெட் நோயைக் காவிவரும்; வந்தால் கூடே காலியாகிவிடும்.

அப்புறம், மாரிக்கு இந்தியாவிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி உங்கள் அரிசியைத் திரும்பியும் பார்க்காது. சருகைக் கிளறிப் புழு தின்பது அது. வேலியோரச் சருகைக் கூட்டி எரிக்காமல் விட்டாலே அதற்கு விருந்து. கிணற்றடியிலும் நடைபாதையிலும் மட்டும் கூட்டிவிடுங்கள். சருகுக்குள் புடையனும் படுக்கும்.