நாய்க்காகப் பின்னும் கயிறு

நாய் மீட்பு மையத்துக்கு உதவ வருகிறவர்கள் பலர் கையில் ஒரு பொம்மையோடுதான் வருகிறார்கள். பருத்திக் கயிற்றை முறுக்கி முடிச்சுப் போட்டது, பட்டனைக் கண்ணாக வைத்துத் தைத்தது, உள்ளே மணி வைத்தது. அன்பில் குறையே இல்லை. ஆனால் கால்நடை மருத்துவர்களின் கண்ணில் முதலில் படுவது அந்தக் கயிற்றின் பிரிந்த நுனிதான்.

கடிக்கக் கடிக்க நூல் பிரியும். விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கிவிடும். குடல் அதை முன்னே தள்ளப் பார்க்கும், நூல் நகராது. நாடாவை இழுத்தால் பாவாடை சுருங்குமே, அப்படிக் குடல் அந்த நூலின் மேல் சுருங்கிக்கொள்ளும். இழுவை நீடித்தால் நூல் குடல்சுவரையே அறுத்துவிடும். திரும்பத் திரும்ப வாந்தி, சாப்பாட்டை ஒதுக்குதல், வயிற்றைத் தொட்டால் வலி: இவைதான் அடையாளம். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கவே கூடாது. அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

மையத்து நாய்களுக்குச் செய்வதென்றால் ஃபிளீஸ் எனும் மெத்தென்ற செயற்கை இழைத் துணிதான் நல்லது. வெட்டிய ஓரத்தில் இழை பிரியாது. 8 செ.மீ. அகலம், 70 செ.மீ. நீளத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, ஒரு முனையில் முடிச்சிட்டு, சடையாக இறுக்கிப் பின்னி, மறுமுனையையும் முடியுங்கள். பின்னல் தளர்ந்தால் இடுக்கில் பல் மாட்டும். முடிச்சுக்கு வெளியே 5 செ.மீ.க்கு மேல் துணி தொங்கினால் அதைத்தான் நாய் முதலில் பிய்க்கும். ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். ஒரு துண்டு பெயர்ந்தாலும் அன்றே தூக்கிப் போட்டுவிடுங்கள்.

நிதி திரட்ட விற்பதற்குக் கழுத்தில் கட்டிவிடும் துணியைவிட, காலரை உள்ளே நுழைக்கும்படி மேல்மடிப்பு தைத்த துணி பாதுகாப்பானது. 2.5 செ.மீ. காலருக்கு மடிப்பின் உள்ளகலம் 4 செ.மீ. இருக்கட்டும். பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் ஒருமுறை துவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வாங்கியவர் வீட்டில் சுருங்கி, காலர் நுழையாது. பிஸ்கட் செய்து விற்பவர்கள் உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு) ஆகிய நான்கும் நாய்க்கு நஞ்சு என்பதால் அவற்றை அறவே தவிர்க்க வேண்டும். சைலிட்டால் சில வேர்க்கடலை வெண்ணெய்களில் ஒளிந்திருக்கும். புட்டியின் பின்பக்கத்தைப் படித்துவிட்டே வாங்குங்கள்.

கூண்டு கழுவும் வேலையில் நல்லெண்ணத்தைவிட வரிசை முக்கியம். முதலில் குட்டிகள், பிறகு நலமாக உள்ள பெரிய நாய்கள், அடுத்து புதிதாக வந்தவை, கடைசியில் நோயாளிகள். இதைத் தலைகீழாகச் செய்தால், செருப்படியில் ஒட்டிய பார்வோ எனும் வைரஸ் கிருமி குட்டிகளிடம் போய்ச் சேரும். அது சுற்றுப்புறத்தில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். வழக்கமான தரை கழுவும் திரவங்கள் பலவற்றுக்கும் அசையாது. 5 முதல் 6 சதவீத பிளீச் 1 பங்கு, தண்ணீர் 30 பங்கு கலந்து, தரை 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். மலத்தை முதலில் அகற்றாவிட்டால் பிளீச்சின் வீரியம் அதிலேயே செலவாகிவிடும். சிறுநீரைத் தண்ணீர் விட்டு அலசாமல் பிளீச் ஊற்றினால் அதிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து நச்சுவாயு கிளம்பும்; மூடிய அறையில் இது பெரிய ஆபத்து.

புதிதாக மீட்ட நாய் தப்பி ஓடுவது பெரும்பாலும் வாசலில்தான். காலரில் ஒரு கயிறு, மார்புப்பட்டையில் இன்னொன்று என இரண்டு போட்டே வெளியே எடுங்கள். காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையலாம், அதற்கு மேல் தளர்வு வேண்டாம். கடியோ பல் கீறலோ பட்டால் எவ்வளவு சிறியதானாலும் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வேலையில் சேருமுன்பே ரேபிஸ் முன்தடுப்பூசி போட்டிருந்தாலும் கடிக்குப் பிறகான ஊசிகள் தேவை. எண்ணிக்கை மட்டும் குறையும்.