ஈறில் தொடங்கும் நோமா

மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டுக் கிராமங்களில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பசிக்காலம். போன வருடத்துக் கம்பு தீர்ந்திருக்கும், இந்த வருடத்துக் கதிர் இன்னும் முற்றியிருக்காது. பால்குடி மறந்த இரண்டு மூன்று வயதுக் குழந்தைக்குக் கிடைப்பது நீர்க்கக் கரைத்த கூழ்தான். மழை, மலேரியா, வயிற்றுப்போக்கு எல்லாம் வருவதும் அதே மாதங்களில்தான். அப்படிக் காய்ச்சலில் கிடந்து எழுந்த ஒரு குழந்தையின் ஈறில் ரத்தம் கசிகிறது. வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சில நாட்களில் கன்னம் வீங்குகிறது, கறுக்கிறது, அழுகி ஓட்டையாகிறது. இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் உயிரும் போய்விடுகிறது.

இந்த நோய்க்கு நோமா என்று பெயர். சிகிச்சை கிடைக்காவிட்டால் 100 பேரில் 90 பேர் வரை இறந்துபோவார்கள். அதிகமும் 2 முதல் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். ஆண்டுக்கு 1,40,000 பேருக்கு வருவதாக உலக சுகாதார நிறுவனம் 1998இல் மதிப்பிட்டது. அது பழைய கணக்கு. மருத்துவமனை வாசலையே பார்க்காமல் இறக்கும் குழந்தைகள் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை என்பதால் சரியான கணக்கு கிடைப்பதும் கடினம். சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில்தான் இது அதிகம். ஆனால் லாவோஸ் போன்ற ஆசிய நாடுகளின் ஏழைக் கிராமங்களிலும் வந்திருக்கிறது.

நோமா ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. அப்படியானால் கன்னத்தைத் தின்னும் அந்தப் பாக்டீரியா எங்கிருந்து வருகிறது? அந்தக் குழந்தையின் வாயிலிருந்தே வருகிறது. இந்த நோயைப் புரிந்துகொள்ள இதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மனித வாயில் வாழக்கூடிய பாக்டீரியா வகைகள் 700க்கு மேல். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய இடுக்கு உண்டு. அதற்குள் காற்று அதிகம் போகாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தை விரும்பும் ஃபியூசோபாக்டீரியம், பிரெவோடெல்லா, சுருள் வடிவ ட்ரெப்போனிமா போன்றவை அங்கேதான் குடியிருக்கும். பலர் வாயிலும் இவை கொஞ்சமாவது இருக்கும். பல் துலக்காவிட்டால் பெருகும், ஈறு சிவந்து வீங்கும். ஆனால் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் ஓயாமல் அந்த இடுக்குக்குள் வந்து இவற்றை விழுங்கிக்கொண்டே இருக்கின்றன. எச்சிலில் உள்ள எதிர்ப்புப் புரதங்களும் தம் பங்குக்கு இவற்றைக் கட்டுக்குள் வைக்கின்றன. இடுக்கின் உள்தோல் வேகமாக உதிர்ந்து புதிதாக முளைப்பதால், ஒட்டியிருக்கும் பாக்டீரியாவும் தோலோடு சேர்ந்து கழன்றுவிடும். இந்தக் காவலெல்லாம் தினமும் சாப்பாட்டை நம்பி நடப்பது. புரதம், துத்தநாகம், வைட்டமின் ஏ, வைட்டமின் சி எதில் குறைந்தாலும் தோல் முளைப்பது தாமதமாகும், வெள்ளணுக்கள் சோர்ந்துபோகும்.

மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும் உடலில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறிப்போகும். நோய் எதிர்ப்பை அடக்கி வைப்பது அதன் குணம். இந்த நிலைமையில் தட்டம்மையும் வந்தால் நிலைமை மோசமாகிவிடும். பழைய கிருமிகளை அடையாளம் கண்டு வைத்திருக்கும் நினைவு அணுக்களையே தட்டம்மை வைரஸ் தாக்கி அழிக்கிறது. தடுப்பூசி போடாத குழந்தைகளிடம் செய்த ஆய்வு ஒன்று 2019இல் வெளியானது. தட்டம்மைக்குப் பிறகு அவர்களுடைய ரத்தத்தில் இருந்த எதிர்ப்புப் புரதங்களில் (ஆன்டிபாடி) 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. நோமா வந்த குழந்தைகளை விசாரித்தால் தட்டம்மை, மலேரியா, கடும் வயிற்றுப்போக்கு இவற்றில் ஏதாவது ஒன்று சில வாரம் முன்னால் பெரும்பாலும் வந்துபோயிருப்பது இதனால்தான்.

அழிவு தொடங்கும் இடம் மிகச் சிறியது. இரண்டு பற்களுக்கு நடுவே முக்கோணமாக எழும்பி நிற்கிறதே ஈறு, அதன் நுனி. அந்த நுனி செத்து, தோண்டி எடுத்தது போல் குழியாகி, மேலே சாம்பல் நிறப் படலம் படர்கிறது. தொடாமலே ரத்தம் வருகிறது. பாக்டீரியா புரதத்தைச் சிதைக்கும்போது வெளிவரும் கந்தக வாயுக்களால் வாய் தாங்க முடியாமல் நாறுகிறது. குழந்தைக்கு எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கும், வலியில் சாப்பிட மறுக்கும். ஏற்கெனவே பட்டினியில் இருக்கும் குழந்தை இப்போது கிடைக்கிற கூழையும் வேண்டாம் என்கிறது.

அடுத்த கட்டம் கன்னத்தில். பாக்டீரியாவின் நொதிகள் திசுக்களை அறுத்துக்கொண்டு ஈறிலிருந்து கன்னச் சதைக்குள் இறங்குகின்றன. அங்குள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களில் ரத்தம் உறைகிறது. ரத்தம் போகாத சதைக்கு ஆக்சிஜனும் போகாது. இந்தக் கூட்டத்துக்கு வேண்டியதும் அதுதானே! இன்னும் வேகமாகப் பெருகி, இன்னும் அதிகக் குழாய்களை அடைக்கின்றன. வெள்ளணுவும் மருந்தும் வந்து சேர வேண்டிய வழியும் அந்தக் குழாய்கள்தான். ஒருமுறை இந்தச் சுழல் தொடங்கிவிட்டால் அது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் வீங்கிய கன்னத்தில் நீலம் பாய்ந்த ஒரு கறுப்பு வட்டம் தெரியும். செத்த சதைக்கும் உயிருள்ள சதைக்கும் நடுவே கோடு கிழித்தது போல் எல்லை இருக்கும். அந்த வட்டம் உதிர்ந்து விழும்போது உள்ளே பல்லும் தாடை எலும்பும் வெளியே தெரியும்.

குற்றவாளி எந்தப் பாக்டீரியா என்று பல காலமாகத் தேடுகிறார்கள். நைஜீரியாவில் 1990களில் ஆய்வு செய்தவர்களுக்குப் பெரும்பாலான புண்களில் கிடைத்தது ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம். இது ஆடுமாடுகளுக்கு நோய் தரும் வகை. கால்நடையோடு சேர்ந்து வாழும் வீடுகளில் அங்கிருந்து வந்திருக்கலாம் என்று சந்தேகம் எழுந்தது. அப்புறம் ஜெனீவா ஆராய்ச்சியாளர்கள் நைஜரில் 2001 முதல் 2006 வரை, நோமா வந்த 82 குழந்தைகளையும் அதே வயதுடைய, நோமா இல்லாத 327 குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். அங்கே அந்த வகை சிக்கவில்லை. பிரெவோடெல்லா இன்டர்மீடியாதான் கூடியிருந்தது. நைஜீரியாவின் சொகோட்டோ நகரில் எச்சிலை மரபணு முறையில் அலசியபோது ட்ரெப்போனிமா மேலே வந்தது. ஒற்றைக் குற்றவாளியைத் தேடுவது பலன் தராது என்றே எனக்குத் தோன்றுகிறது. இது வாயில் வாழும் பாக்டீரியாக் கூட்டம் மொத்தமாகத் தடம் புரளும் நோய். நைஜர் ஆய்வில் தெளிவாகத் தெரிந்த காரணங்கள் வேறு: வயதுக்கேற்ற உயரம் இல்லாமை, உடல் மெலிவு, அம்மா அதற்கு முன் பல முறை கருவுற்றிருப்பது, கடந்த மூன்று மாதத்தில் வந்த காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்க்க முடியாத காரணங்கள் இவை.

ஐரோப்பாவின் வரலாறும் இதையே சொல்கிறது. ஒரு காலத்தில் அங்கும் ஏழைக் குழந்தைகளுக்கு நோமா வந்துகொண்டிருந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து சாப்பாடும் சுகாதாரமும் மேம்பட, ஆன்டிபயாட்டிக் வருவதற்கு முன்பே அது மறைந்துபோனது. பிறகு திரும்பி வந்தது, நாஜிகளின் வதைமுகாம்களில். ஆஷ்விட்ஸ் பிர்கெனாவில் அடைக்கப்பட்டிருந்த ரோமா இன (ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்டவர்கள்) குழந்தைகளின் கன்னங்களில் அதே கறுப்பு வட்டம். அங்கே கைதியாக இருந்த பிராக் நகரக் குழந்தை மருத்துவர் பெர்தோல்ட் எப்ஸ்டைனிடம் அவர்களைக் கவனிக்கும்படி முகாமின் நாஜி மருத்துவன் மெங்கெலே உத்தரவிட்டான். நல்ல உணவும், பாக்டீரியாவை அடக்கும் சல்ஃபா மருந்தும் கொடுத்ததும் சில குழந்தைகளுக்குப் புண் ஆறியது. 1944 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு அந்தப் பிரிவில் மீதமிருந்தவர்களை நச்சுவாயு அறைகளுக்கு அனுப்பிக் கொன்றார்கள். அந்தக் குழந்தைகளைப் பற்றி எழுதாமல் நோமாவின் வரலாற்றை எழுத என்னால் முடியவில்லை.

சரி, மருத்துவம் என்ன? ஈறு மட்டும் பாதிக்கப்பட்டிருக்கும் கட்டத்தில் அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் மாத்திரைகள், குளோர்ஹெக்ஸிடின் கரைசலாலோ வெதுவெதுப்பான உப்பு நீராலோ வாய் கழுவுதல், வைட்டமின் ஏ, புரதம் நிறைந்த உணவு போதும். எல்லாமே மலிவானவை, சாதாரண மருந்துக்கடையில் கிடைப்பவை. கன்னம் வீங்கிய பிறகும் ஆன்டிபயாட்டிக் காப்பாற்றும். கறுத்துவிட்டால் உயிரைக் காப்பாற்றலாம், முகத்தைக் காப்பாற்ற முடியாது. ஈறுக்கும் கறுப்புக்கும் நடுவே இருப்பது சில நாட்கள்தான். பல கிராமங்களில் சுகாதார நிலையத்துக்கு நடந்து போய்ச் சேரவே ஒரு நாள் ஆகிவிடும்.

பிழைத்த குழந்தைகளுக்குத் தழும்பு இறுகி வாய் திறக்க முடியாமல் தாடை பூட்டிக்கொள்ளும். பேச்சு குழறும், குடிப்பது ஒழுகும். சாபம் என்றும் சூனியம் என்றும் சொல்லி வீட்டுக்குள் மறைத்து வைப்பவர்கள் உண்டு. புண் நன்றாக ஆறி, உடல் தேறி, மாதங்கள் கழிந்த பிறகே அறுவைசிகிச்சை. உடலின் வேறு இடத்திலிருந்து தோலும் சதையும் எடுத்துக் கன்னத்தை மறுபடி கட்ட வேண்டும், பல தடவை. சொகோட்டோவில் 1999 முதல் இதற்கென்றே ஒரு மருத்துவமனை இயங்குகிறது. அங்கே சிகிச்சை பெற்ற முலிக்கத் ஒகன்லவோன் பிறகு அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். புர்கினா ஃபாசோவில் பிறந்து நோமாவிலிருந்து பிழைத்த ஃபிடெல் ஸ்ட்ரூபும் அவரும் சேர்ந்து, பிழைத்தவர்களுக்கான எலிசியம் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

இவர்களுடைய குரலோடு நைஜீரிய அரசின் முயற்சியும் சேர்ந்தது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நோமாவைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் ஏறினால் ஆராய்ச்சிக்கும் கணக்கெடுப்புக்கும் பணம் கேட்க ஒரு வாசல் திறக்கும். அதைவிட அவசரமாக நடக்க வேண்டியது கிராமத்துச் சுகாதாரப் பணியாளர் கையில் இருக்கிறது. ஊட்டச்சத்து மையத்தில் குழந்தையின் எடையைப் பார்க்கிறார்கள், புஜத்தில் நாடா சுற்றி மெலிவை அளக்கிறார்கள். அப்போதே உதட்டை விரலால் தூக்கி, பல்லிடுக்கு ஈறின் நுனி முழுசாக இருக்கிறதா, வாயில் அழுகல் நாற்றம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். தட்டம்மைத் தடுப்பூசி போட வரும்போதும் இதைச் செய்யலாம். நுனி சிதைந்திருந்தாலோ நாற்றம் இருந்தாலோ அன்றைக்கே மாத்திரையைக் கொடுத்து, சில நாட்களில் திரும்ப வரச் சொல்லி, மறுபடி உதட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.