சமூகப் பங்குச் சந்தையில் தொண்டு நிறுவனம் நிதி திரட்டுவது எப்படி?

தொண்டு நிறுவனங்களும் பங்குச் சந்தை வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டலாம். 2019 பட்ஜெட்டில் அறிவித்த சமூகப் பங்குச் சந்தைக்கு 2022 ஜூலையில், பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி விதிகள் வகுத்தது. என்.எஸ்.இ., பி.எஸ்.இ. இரண்டிலும் இது தனிப் பிரிவாக இயங்குகிறது.

டிரஸ்ட், சொசைட்டி, பிரிவு 8 கம்பெனி (லாப நோக்கமற்ற கம்பெனி) ஆகியவை பதிவு செய்யலாம். தொடங்கி 3 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். கடந்த நிதியாண்டில் குறைந்தது 50 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். 10 லட்சமாவது நிதி வந்திருக்க வேண்டும். வரிவிலக்குக்கான வருமான வரித் துறையின் 12ஏ வகைப் பதிவு நடப்பில் இருப்பது கட்டாயம். அரசியல், மத அமைப்புகளுக்கும் கார்ப்பரேட் கம்பெனிகளின் அறக்கட்டளைகளுக்கும் இடமில்லை. 50 லட்சம் என்ற வரம்பு, நல்ல வேலை செய்யும் சிறிய கிராமத்து டிரஸ்டுகளையும் வெளியே நிறுத்திவிடுகிறது. செபி அடுத்து தளர்த்த வேண்டியது இதைத்தான்.

பலர் தடுக்கி விழுவது 67 சதவீத விதியில். கல்வி, சுகாதாரம், வாழ்வாதாரம் என்று செபி பட்டியலிட்ட பணிகளை, பின்தங்கிய மக்களுக்காகச் செய்திருக்க வேண்டும். வருமானம், செலவு, பயனாளிகள் ஆகிய மூன்றில் ஏதாவது ஒன்றில், கடந்த 3 ஆண்டு சராசரியாக 67 சதவீதமாவது அந்தப் பணிகளைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு 60 லட்சம் செலவில் 40 லட்சம் என்றால் 66.67 சதவீதம்தான், தேறாது. அதே அமைப்பு பயனாளிகள் கணக்கில் தேறக்கூடும். எனவே மூன்றையும் போட்டுப் பாருங்கள். சம்பளம், பயணம், வாடகை என்று மட்டும் கணக்கு எழுதிவைத்தால் எதையும் நிரூபிக்க முடியாது. திட்டவாரியாகப் பிரித்து எழுதுங்கள்.

பதிவு செய்ததும் பணம் வந்துவிடாது. அதற்குத் தனியாக 'ஜீரோ கூப்பன் ஜீரோ பிரின்சிபல்' பத்திரம் வெளியிட வேண்டும். வாங்குபவருக்கு வட்டியும் இல்லை, அசலும் திரும்பாது. டீமேட் கணக்கில் பதிவாகும் நன்கொடை என்பதே சரி. இதை முதலில் வெளியிட்டுப் பட்டியலிட்டது பெங்களூரின் உன்னதி அறக்கட்டளை, 2023 டிசம்பரில். குறைந்தபட்ச வெளியீடு 1 கோடியிலிருந்து 50 லட்சமாகக் குறைந்துள்ளது. ஒருவர் செலுத்த வேண்டிய குறைந்தபட்சத் தொகை 2 லட்சத்திலிருந்து 10,000 ஆகி, 2025இல் 1,000 ரூபாய்க்கு வந்துவிட்டது. செபி செய்த உருப்படியான உதவி இது. மாதச் சம்பளக்காரரும் இப்போது பங்கேற்கலாம்.

பத்திர வெளியீட்டின் வரைவு ஆவணம் 21 நாளாவது சந்தையின் இணையதளத்தில் இருக்க வேண்டும். கேட்ட தொகையில் 75 சதவீதம் சேராவிட்டால் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். 75ஐத் தாண்டி 100ஐ எட்டாவிட்டால் மீதியை எப்படித் திரட்டுவீர்கள் என்பதை ஆவணத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.

பணம் வந்த பின், ஒவ்வொரு காலாண்டும் முடிந்து 45 நாளுக்குள் செலவுக் கணக்கு தர வேண்டும். பணியால் மக்களிடம் என்ன மாற்றம் வந்தது என்று சொல்லும் தாக்க அறிக்கையும் ஆண்டுதோறும் உண்டு. அதைச் சமூகத் தாக்க மதிப்பீட்டாளர் சரிபார்ப்பார். உதாரணமாக, வேலைப் பயிற்சி தருகிறீர்கள் என்றால், பயிற்சிக்கு முன் ஒருவர் எவ்வளவு சம்பாதித்தார் என்ற பதிவு இல்லாவிட்டால், பின்னால் வந்த உயர்வைக் காட்ட முடியாது. ஆகவே முதல் ரூபாயைச் செலவழிக்கும் முன்பே அந்த விவரங்களைச் சேகரித்துவிடுங்கள்.