எழுபது வயது நண்பர்கள் இருவரைப் படமெடுக்கும்போது

குறும்படமோ மருத்துவமனை விளம்பரமோ சேமிப்புத் திட்ட வீடியோவோ, வயதான இரண்டு நண்பர்கள் வரும் காட்சி பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கிறது. பூங்கா பெஞ்ச், மாலை வெயில், முதுகுப்பக்கம் கேமரா, பின்னணியில் புல்லாங்குழல். ஒருவர் வெளிநாட்டு மகனை நினைத்துப் புலம்புவார், மற்றவர் தோளைத் தட்டுவார். இல்லாவிட்டால் இருவரும் கோமாளிகள், அசடு வழியும் ‘பெருசுகள்’. அந்த நட்பு தினமும் எப்படி ஓடுகிறது என்பது மட்டும் படத்தில் வராது.

இது ரசனை சம்பந்தப்பட்டது மட்டுமல்ல. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்படுகிறார் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2025 ஜூன் அறிக்கை சொல்கிறது. நம் வீடுகளில் யார் வீட்டில் கல்யாணம், யாருக்கு உடம்பு சரியில்லை என்று நினைவு வைத்துப் போய்வருவது பெரும்பாலும் மனைவிதான். அவர் காலமான பிறகு ஆணுக்கு வீட்டுக்கு வெளியே மிஞ்சுவது ஒன்றிரண்டு நண்பர்கள். அதன் மதிப்பு பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. “அந்த டீக்கடையில என்னதான்பா இருக்கு? வெயில்ல அலையாதீங்க” என்று வீட்டிலேயே உட்காரவைத்து விடுகிறார்கள். என்ன இருக்கிறது என்பதைக் காட்டும் வேலை படமெடுக்கும் நம்முடையது.

முதலில் வசனம். எல்லாக் கிழவர்களும் ஒருவரையொருவர் “டேய்” என்பதாக எழுதிவிடுகிறோம். பள்ளிக்கூட நண்பர்கள் அப்படிக் கூப்பிடுவார்கள், சரி. ஒரே அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்தவர்களும், ஓய்வுக்குப் பிறகு நடைப்பயிற்சியில் பழகியவர்களும் கடைசிவரை “சார்” தான். அந்த “சார்” விலகல் இல்லை. “என்ன சார், ரெண்டு நாளா ஆளைக் காணோம்?” என்பதற்குள் பதற்றம் முழுவதும் இருக்கும். அதற்குமேல் “உங்களை நினைச்சுக் கவலைப்பட்டேன்” என்று ஒரு வரி சேர்த்தால் காட்சி கெட்டுப்போகும். இவர்கள் பேசுவது சர்க்கரை அளவு, தக்காளி விலை, பேப்பரில் வந்த இரங்கல் விளம்பரம். பாசம் திட்டலாகத்தான் வெளிவரும்.

நெருக்கத்தை வசனத்தைவிடப் பழக்கத்தில் காட்டுங்கள். வயதாகும்போது கூர்மையான ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகும். ச, ஸ, த எல்லாம் மங்கும். நண்பருக்கு அது தெரியும். கேட்கும் காதுப் பக்கமாகவே நடப்பார், குரலை உயர்த்தாமல் நிதானமாகப் பேசுவார். வேகமாக நடக்கக்கூடியவர் சுவரொட்டியைப் படிப்பதுபோல நின்று, மூட்டுவலிக்காரர் வந்து சேரும்வரை காத்திருப்பார். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை, மூன்று காட்சிகளில் திரும்ப வந்தால் போதும்.

இன்னொரு நல்ல களம் நவம்பர் மாதத்து வங்கி. மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ்வுச் சான்று கொடுக்கும் மாதம் அது. 80 வயது கடந்தவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். ரேகை தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்க மறுக்கும். “நீ இருக்கேன்னு மெஷினே நம்ப மாட்டேங்குதுடா” என்று ஒருவர் சொல்ல மற்றவர் சிரித்துவிடுவார். ஒரு பிளாஷ்பேக்கும் இல்லாமல் அந்த நட்பின் வயது தெரிந்துவிடும்.

இனி கேமரா. நேருக்கு நேர் உட்காரவைத்து, தோளுக்கு மேலிருந்து மாறி மாறி வெட்டினால் நட்பு விசாரணைபோல ஆகிவிடும். ஆண்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் ஏதோ வேலை இருக்கும்போதுதான் பேசுவார்கள். ஆஸ்திரேலியாவில் 1990களில் தொடங்கிய, ஆண்கள் கூடி மரவேலை போன்றவை செய்யும் ‘மென்ஸ் ஷெட்’ பட்டறைகள் இந்த அடிப்படையில்தான் நடக்கின்றன. எனவே இருவரும் ஒரே பிரேமுக்குள் இருக்கட்டும். ஃபுல் பிரேம் கேமராவில் (35 மி.மீ. பிலிம் அளவு சென்சார் உள்ளது) 50 மி.மீ. லென்ஸ், இரண்டரை மீட்டர் தூரம், உட்கார்ந்தவர் கண்மட்டத்தில் கேமரா (தரையிலிருந்து ஏறக்குறைய 1.1 மீட்டர்). 24 மி.மீ. லென்ஸைக் கிட்டே கொண்டுபோனால் ஓரத்து முகம் இழுபடும். மேலிருந்து எடுத்தால் பரிதாபம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

இருவருக்கும் மூக்குக்கண்ணாடி இருந்தால் விளக்கை உயரமாகவும் பக்கவாட்டிலும் வையுங்கள். அப்படியும் பளபளத்தால் கண்ணாடிக் காம்பைக் காதுமேல் சற்றே தூக்கிவிட்டால் பிரதிபலிப்பு கீழே விலகும்.

எடிட்டிங்கில் மௌனத்தை வெட்டுவதுதான் பெரிய தவறு. இரண்டு, மூன்று விநாடி யாரும் பேசாமல் தெருவைப் பார்ப்பதும் அந்த உரையாடலின் பகுதி. பழைய நண்பர்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடவும் செய்வார்கள், அதனால் ஆளுக்கொரு காலர் மைக் வைத்துத் தனித்தனி டிராக்கில் பதியுங்கள். தனித்தனியாக டப்பிங் செய்தால் அந்தக் குறுக்கீடு செத்துவிடும். டப்பிங் தவிர்க்க முடியாது என்றால் இருவரையும் ஒரே நேரத்தில் மைக் முன்னால் நிற்கவைத்துப் பேசவிடுங்கள்.

தொடுதல் பற்றி. “தோள்ல கை போடுங்க சார்” என்றால் கல்யாண போட்டோ வரும். சாலையைக் கடக்கவிடுங்கள், கோயில் குளத்துப் படியில் இறக்குங்கள், கை தானாக மணிக்கட்டைப் பிடிக்கும். இரண்டு ஆண்கள் கைகோத்து நடந்தால் பின்னணியில் கேலி இசை போடும் வழக்கத்தைத் தூக்கி எறிய வேண்டும். அவர்கள் நண்பர்கள் இல்லை, காதலர்கள் என்பது கதையானால் அதையும் நேராகச் சொல்லலாம். கிண்டல் இரண்டு கதைக்கும் கேடு.

நாற்பத்தைந்து வயது நடிகருக்கு வெள்ளை முடி ஒட்டினால் கழுத்தும் புறங்கையும் காட்டிக்கொடுக்கும், அதைவிட அதிகமாக எழுந்திருக்கும் விதம் காட்டிக்கொடுக்கும். மூட்டு தேய்ந்தவர் இருக்கையின் நுனிக்கு நகர்ந்து, முன்னால் சாய்ந்து, தொடையில் கையூன்றித்தான் எழுவார். நண்பர் உடனே தாங்கமாட்டார். அது அவமானம் என்று தெரிந்தவர். கையை மட்டும் எட்டும் தூரத்தில் வைத்திருப்பார்.

உண்மையான முதியவர்களை நடிக்கவைப்பது நல்லது, ஆனால் படப்பிடிப்பை அவர்களுக்கு ஏற்ப மாற்ற வேண்டும். காலை ஆறரை முதல் ஒன்பதரைக்குள் முக்கியக் காட்சிகளை முடியுங்கள். கைப்பிடியுள்ள, 45 முதல் 50 செ.மீ. உயர நாற்காலி கொடுங்கள். வெகுநேரம் உட்கார்ந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும், எனவே எழுந்து நடக்கும் ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு இருபது வயதில் சென்றதில் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமே போகிறது. பளிச்சென்ற விளக்கிலிருந்து இருட்டுக்கு வந்தால் பார்வை பழக நேரமாகும், வழியில் கிடக்கும் கேபிள்களை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவருக்குச் சாப்பாடு தள்ளிப்போகக் கூடாது. இன்னும் ஒரே ஒரு டேக் என்று இழுக்காதீர்கள்.