7,000 எம்பி வேகம் எங்கே போகிறது?

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும், சிப்புகளால் ஆன சேமிப்பு டிரைவுதான் எஸ்எஸ்டி. அதன் பெட்டிகளின் மேல் பெரிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். நொடிக்கு 550 எம்பி (மெகாபைட்), 3,500 எம்பி, 7,000 எம்பி. புது ரகங்களில் 14,000 வரை போய்விட்டது. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒன்று வாங்கப் போகிறவர் கண்ணில் முதலில் படுவது இதுதான், கடைசியாகப் பார்க்க வேண்டியதும் இதுதான். ஏன் என்று புரிய, ஹார்ட் டிஸ்க் ஏன் அவ்வளவு மந்தமாக இருந்தது என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் காந்தப் பூச்சு கொண்ட தட்டு சுழன்றுகொண்டே இருக்கிறது. டெஸ்க்டாப் ரகத்தில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 சுற்று. அப்படியானால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. நமக்கு வேண்டிய இடம் படிக்கும் தலைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். 4 மில்லிநொடிக்குச் சற்று அதிகம். அதற்கு முன்பு தலையைத் தாங்கும் கை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு 8 அல்லது 9 மில்லிநொடி. ஆக, ஒரு சின்னத் துணுக்கை எடுக்கவே 12, 13 மில்லிநொடி ஆகிவிடுகிறது. நொடிக்கு 80 தடவைதான் இப்படிப் போய்வர முடியும். ஒவ்வொரு தடவையும் எடுப்பது 4 கேபி என்றால், மொத்தம் 320 கேபி. அதே டிஸ்க் ஒரு பெரிய வீடியோ ஃபைலைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு 150 எம்பி சுலபமாகத் தரும். கம்ப்யூட்டர் துவங்கும்போதும் பிரவுசர் திறக்கும்போதும் நடப்பதோ முதல் வகை வேலை: தட்டின் பல மூலைகளில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துணுக்குகளைப் பொறுக்குவது.

எஸ்எஸ்டிக்குள் நகரும் பாகமே கிடையாது. டேட்டா எந்த மூலையில் இருந்தாலும் எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கின் அதே கேபிளில் இணைவது) அந்த 4 கேபியைச் சுமார் 0.1 மில்லிநொடியில் தந்துவிடும். நூறு மடங்குக்கு மேல் வேகம். பழைய கம்ப்யூட்டர் திடீரென்று புதுசானதுபோல் தோன்றுவதற்கு இந்த ஒரு தாவல்தான் காரணம். பிசிஐஇ என்ற வேகமான இணைப்பில் ஓடும் என்விஎம்இ வகைக்குப் போனால் அது 0.05, 0.06 என்று இறங்கும். பாதியாகக் குறைகிறது, சரி. ஆனால் 12 மில்லிநொடி 0.1 ஆனதை உணர்ந்தவர், 0.1 என்பது 0.05 ஆனதையும் உணர்வாரா என்பது சந்தேகம்தான்.

அப்படியானால் 7,000 எம்பி எங்கிருந்து வருகிறது? டிரைவுக்குள் டேட்டாவைச் சேமிக்கும் சில ஃபிளாஷ் சிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொரு சிப்புக்குள்ளும் தனித்தனியாக வேலை செய்யக்கூடிய பல சிலிக்கான் துண்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு பெரிய ஃபைலைக் கேட்டால், டிரைவை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் எல்லாத் துண்டுகளிலிருந்தும் ஒரே சமயத்தில் இழுத்துச் சேர்த்துக் கொடுக்கிறது. பெட்டியில் அச்சடிப்பது அந்தக் கூட்டு வேகத்தை. சின்ன ஃபைல்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டாலோ, ஒரு சமயத்தில் ஒரு துண்டுதான் உழைக்கும், மற்றவை சும்மா இருக்கும். அந்த நேரத்தில் 7,000 போட்ட டிரைவும் நொடிக்கு 60, 80 எம்பி தந்தால் நல்ல டிரைவ். சாட்டாவில் ஒரே வரிசையில் 32 கோரிக்கைகள்தான் காத்திருக்க முடியும், என்விஎம்இ-யிலோ 65,000-க்கும் மேற்பட்ட வரிசைகள் அமைக்கலாம். சர்வர்களுக்கு அது வரப்பிரசாதம். வீட்டுக் கம்ப்யூட்டரில் பெரும்பாலான நேரம் ஒன்றோ இரண்டோ கோரிக்கைகள்தான் நிற்கின்றன.

ஆகவே, இன்னும் ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் கம்ப்யூட்டருக்கு எந்த உருப்படியான எஸ்எஸ்டி போட்டாலும் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். ஏற்கெனவே சாட்டா எஸ்எஸ்டி இருந்து, இடமும் போதுமென்றால், வேகத்துக்காக மட்டும் மாற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கம்ப்யூட்டர் மந்தமாகத் தோன்றினால், ராம் 8 ஜிபியிலேயே நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். வீடியோ எடிட் செய்பவர்கள், பெரிய ஃபைல்களைத் தினமும் இங்குமங்கும் நகர்த்துபவர்கள் விதிவிலக்கு. அவர்களுக்கு அந்தப் பெரிய எண் உண்மையிலேயே பயன்படும்.

அடுத்தது, எது பொருந்தும் என்ற கேள்வி. இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பழைய ஹார்ட் டிஸ்க் உட்காரும் இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி உட்காரும், அதே கேபிள்தான். சாட்டா இணைப்பு நொடிக்கு 6 கிகாபிட். 8 பிட் டேட்டாவை அனுப்ப 10 பிட் செலவாவதால் உச்சவரம்பு 600 எம்பி. நடைமுறையில் 550. எந்த நிறுவனத்தின் டிரைவாக இருந்தாலும் இந்தச் சுவரில்தான் முட்டும்.

எம்.2 என்பது மதர்போர்டிலேயே நேராகச் செருகும் மெல்லிய அட்டை வடிவத்தின் பெயர். 2280 என்று போட்டிருந்தால் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். அந்த வடிவத்தில் சாட்டா டிரைவும் உண்டு, என்விஎம்இ டிரைவும் உண்டு; பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். சில ஸ்லாட்டுகள் இரண்டையும் ஏற்கும், சில ஒன்றை மட்டும். உள்ளே நுழைந்துவிட்டதாலேயே வேலை செய்யும் என்று நம்ப முடியாது. மதர்போர்டு அல்லது லேப்டாப்பின் கையேட்டில் அந்த ஸ்லாட்டுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதுதான் ஒரே வழி. சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் செயலிழக்கும். அதுவும் கையேட்டில் இருக்கும். பிசிஐஇ தலைமுறையைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். நாலாம் தலைமுறை டிரைவை மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் போட்டால் அது அமைதியாக 3,500 எம்பி அளவுக்கு இறங்கி ஓடும். எம்.2 ஸ்லாட்டே இல்லாத பழைய போர்டில், அடாப்டர் கார்டு வழியாக என்விஎம்இ டிரைவைச் செருகலாம். ஆனால் அதிலிருந்து விண்டோஸைத் துவக்க பயாஸ் (கம்ப்யூட்டரை முதலில் எழுப்பும் மென்பொருள்) ஒத்துழைக்க வேண்டும். அந்தத் தலைவலிக்குச் சாட்டாவே மேல்.

இப்போது ஃபிளாஷ் சிப்பில் டேட்டா உட்காரும் மிகச் சிறிய அறையான செல்லுக்குள் போவோம், எஸ்எஸ்டிகளுக்கு இடையேயான உண்மையான வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகா எஸ்எஸ்டிகளில் இருக்கும் நேண்ட் வகை ஃபிளாஷை 1987-இல் அறிமுகப்படுத்தினார். அடிப்படை இன்றும் அதுதான்: மின்காப்புக்குள் எலெக்ட்ரான்களைச் சிறைவைப்பது. மின்சாரம் போனாலும் அவை அங்கேயே இருக்கும். ஒரு செல்லில் ஒரு பிட் மட்டும் வைத்தால் அது எஸ்எல்சி, மின்னேற்றம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால் போதும். மூன்று பிட் வைத்தால் டிஎல்சி, 8 மட்டங்களைப் பிரித்தறிய வேண்டும். நான்கு பிட் வைத்தால் கியூஎல்சி, 16 மட்டங்கள். டம்ளரில் தண்ணீர் இருக்கிறதா என்று சொல்ல ஒரு பார்வை போதும். 16 கோடுகளில் எந்தக் கோடு வரை இருக்கிறது என்று சொல்ல நிதானமாகப் பார்க்க வேண்டும், ஊற்றும்போதும் சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும். கியூஎல்சி எழுதுவதில் மெதுவாகவும், தேய்மானத்தைக் குறைவாகத் தாங்குவதாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். டிஎல்சியைவிட அதில் கூடுதலாகக் கிடைக்கும் இடம் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே.

ஆனால் கடையில் பெட்டியைப் பார்த்தால் இரண்டும் ஒரே வேகம் காட்டும். காரணம் ஒரு தந்திரம். காலியாக இருக்கும் செல்களில் ஒரு பகுதியை டிரைவ் தற்காலிகமாக எஸ்எல்சி போலப் பயன்படுத்துகிறது: செல்லுக்கு ஒரு பிட், சட்டென்று எழுதிவிடலாம். பிறகு ஓய்வு நேரத்தில் அதைச் சுருக்கி உரிய இடத்தில் வைத்துக்கொள்ளும். அந்தத் தற்காலிக இடம் நிரம்பும் வரை எல்லாம் ஜோர். 200 ஜிபி போட்டோ, வீடியோவை மொத்தமாகக் காப்பி செய்யும்போது பாதி வழியில் அது நிரம்பிவிட்டால், சில கியூஎல்சி டிரைவுகள் ஹார்ட் டிஸ்க்குக்கும் கீழே, நொடிக்கு 100 எம்பி அளவுக்கு விழும். டிரைவ் நிறைய நிறையக் காலி செல்கள் குறைவதால் இந்தத் தற்காலிக இடமும் சுருங்கிக்கொண்டே வரும்.

நிறைந்த டிரைவுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஃபிளாஷில் எழுதுவது பக்கம் பக்கமாக, ஒரு பக்கம் சுமார் 16 கேபி. அழிப்பதோ பெரிய தொகுதியாக மட்டுமே, பல எம்பி ஒரே அடியாக. ஒரு தொகுதியில் பாதி குப்பை, பாதி நல்ல டேட்டா என்றால், நல்லதை வேறிடத்தில் மறுபடி எழுதிவிட்டுத்தான் அழிக்க முடியும். நாம் 1 ஜிபி எழுதினால் உள்ளே 2, 3 ஜிபி எழுதப்படுவது இப்படித்தான். எந்த ஃபைலை நீக்கினோம் என்பதை விண்டோஸோ லினக்ஸோ டிரிம் கட்டளை மூலம் டிரைவுக்குச் சொல்லிவிடுவதால், தேவையில்லாததைச் சுமந்து திரிவது குறைகிறது. கொஞ்சம் இடம் காலியாக விட்டுவைத்தால் கன்ட்ரோலருக்குக் கைகால் நீட்ட வசதி.

இந்த இடமாற்றங்களால், எந்த ஃபைல் எந்தச் செல்லில் இருக்கிறது என்பதற்கு ஒரு பெரிய அட்டவணை தேவைப்படுகிறது. 1 டிபி டிரைவுக்குச் சுமார் 1 ஜிபி. நல்ல டிரைவுகளில் அதற்கென்றே டிராம் என்ற வேகமான நினைவக சிப் இருக்கும். அது இல்லாத என்விஎம்இ டிரைவுகள் கம்ப்யூட்டரின் ராமிலிருந்து சில பத்து எம்பி கடன் வாங்கிச் சமாளிக்கின்றன, வீட்டு வேலைக்கு அதுவே போதும். சாட்டாவில் அந்தக் கடன் வசதி கிடையாது. அதனால் சாட்டா டிரைவுக்கு மட்டும் டிராம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

தேய்மானம் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையற்றது. 1 டிபி டிஎல்சி டிரைவுக்கு 600 டெராபைட் எழுதும் வரை வாரண்டி என்பது வழக்கமான அளவு. தினம் 20 ஜிபி எழுதினால் அதை எட்ட 82 வருடம் ஆகும். 200 டெராபைட் மட்டுமே தரும் கியூஎல்சி டிரைவில்கூட 27 வருடம். அதற்குள் மதர்போர்டே அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கும். நான் கியூஎல்சியைத் தவிர்ப்பது எழுதும் வேகத்துக்காக, ஆயுளுக்காக அல்ல. விளையாட்டுகளைச் சேர்த்துவைக்கும் இரண்டாவது டிரைவாக அது தாராளமாக இருக்கலாம்.

கொள்ளளவில் என் கருத்து: இப்போது பயன்படுத்தும் இடத்தைப்போல் இரு மடங்கு. பெரிய கொள்ளளவில் சிலிக்கான் துண்டுகள் அதிகம் என்பதால், ஒரே மாடலில் 500 ஜிபியைவிட 1 டிபி எழுதுவதில் வேகமாகவும் இருக்கும்.

மாற்றும்போது பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் (முழுப் பிரதி) செய்யலாம். வருடக்கணக்கில் சேர்ந்த குப்பையும் கூடவே வரும் என்பதால் புதிதாக விண்டோஸ் போடுவதே எனக்குப் பிடிக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி கேஸில் போட்டுப் பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டியில் தவறி நீக்கிய ஃபைலை, டிரிம் வேலை செய்த பிறகு மீட்பது அநேகமாக நடக்காத காரியம்.

புது 1 டிபி டிரைவைச் செருகியதும் விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். திருட்டு எதுவும் நடக்கவில்லை: தயாரிப்பாளர் 1 ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார், விண்டோஸ் 107 கோடிக்குச் சற்று மேல் என்று கணக்கிடுகிறது. நம்பவே முடியாத விலைக்கு வரும் 16 டிபி யூஎஸ்பி டிரைவுகள்தான் சந்தேகப்பட வேண்டியவை. அவற்றில் பல, சின்ன மெமரி கார்டு ஒன்றை உள்ளே ஒட்டி, டிரைவை இயக்கும் உள் மென்பொருளில் (ஃபர்ம்வேர்) பொய்க் கொள்ளளவு எழுதப்பட்டவை. உண்மையான இடம் தீர்ந்ததும் புதிதாகக் காப்பி செய்வதெல்லாம் சத்தமில்லாமல் காணாமல் போகும்.