எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கி: கொள்ளுமா, கொள்ளாதா?

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஓர் ஆக்கர் கடை, அதாவது பழைய சாமான் கடை. தங்கச்சி மகன் கேம் விளையாடுவதற்கென்று பார்ட் பார்ட்டாகச் சேர்த்துவரும் கம்ப்யூட்டருக்கு, உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் மட்டும் பாக்கி. அவனோடு போயிருந்தேன். கடைக்காரர் குவியலிலிருந்து ஒன்றை உருவித் தூசி தட்டிக் கையில் தந்தார். “இருநூறு ரூவா தந்தா மதி. கொள்ளாம் மக்கா, நானூத்தம்பது வாட்டாக்கும்.”

மருமகன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாமா, எஸ்எம்பிஎஸ்னா என்ன?” என்றான். தினமும் வாயில் புழங்கும் சொல்தான், ஆனாலும் நின்று யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அன்று கடை வாசலில் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

சுவிட்ச்டு மோட் பவர் சப்ளை. இந்த நான்கு சொற்களின் முதலெழுத்துகள்தான் எஸ்எம்பிஎஸ். ‘சுவிட்ச்’ என்றதும் பெட்டியின் முதுகில் இருக்கும் ஆன்-ஆப் பொத்தான் என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பொத்தானே இல்லாத பெட்டியும் எஸ்எம்பிஎஸ்தான். இங்கே சுவிட்ச் என்பது உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டம் (ஏசி) முதலில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்னோட்டமாகிறது (டிசி). டிரான்சிஸ்டர் அதை நொடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடுகிறது. பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் சானல் என்னும் கால்வாயில் வரும்போது, வயலுக்கு வேண்டிய அளவு பார்த்து மடையைத் திறந்து அடைப்பார்கள் இல்லையா, அதே வேலைதான். தேவை கூடினால் மடை திறந்திருக்கும் நேரம் கூடும், குறைந்தால் குறையும்.

இதற்கு முந்தைய முறையில், கம்ப்யூட்டர் தாங்கும் சிறு வோல்ட்டுக்கு இறக்கக் கனத்த இரும்புக் கரு வைத்த டிரான்ஸ்பார்மர் வேண்டும். மிச்சமாகும் மின்சாரம் சூடாகி வீணாகும். வேகமாகத் திறந்து மூடினால் கையடக்க டிரான்ஸ்பார்மரே போதும். 1977-ல் வந்த ஆப்பிள் 2 கணினி இந்த முறையில்தான் ஓடியது. 1981-ல் வந்த ஐபிஎம் பிசிக்கு 63.5 வாட் போதுமானதாக இருந்தது. இன்று நாம் வாங்கும் பெட்டியின் அளவையும் அமைப்பையும் சொல்லும் ஏடிஎக்ஸ் வரையறை 1995-ல் இன்டெல் வகுத்தது. செல்போன் சார்ஜரும் உள்ளே இதே முறைதான். நம் நாட்டில் அந்தப் பொதுப்பெயர் கம்ப்யூட்டர் பெட்டியோடு ஒட்டிக்கொண்டது.

வேர்களையும் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் ‘சுவிட்ச்’ முதலில் குதிரை ஓட்டும் மெல்லிய பிரம்பைத்தான் குறித்தது. பிறகு ரயில் தண்டவாளத்தை மாற்றும் அமைப்புக்குப் போய், மின்சாரத்துக்கு வந்தது. ‘சப்ளை’ என்பதன் லத்தீன் வேருக்குக் குறைந்ததை நிரப்புதல் என்று பொருள்.

தமிழில் ‘மின்வழங்கல்’, ‘மின் விநியோகம்’, ‘மின்வழங்கி’ மூன்றும் கலந்து எழுதப்படுகின்றன. விநியோகம் என்பது மின்வாரியம் செய்யும் பங்கீடு, இந்தப் பெட்டிக்கு அது பொருந்தாது. வழங்கல் என்பது செயல். செயலைச் செய்யும் கருவிக்கு மாற்றி, பெருக்கி, தேக்கி என்று இகரம் சேர்ப்பது நம் வழக்கம். ஆகவே மின்வழங்கி. முழுப்பெயரும் வேண்டுமென்றால் ‘நிலைமாற்று மின்வழங்கி’ எனலாம். சுவிட்சுக்கு இலங்கைத் தமிழர் சொல்லும் ‘ஆளி’ எனக்குப் பிடித்த சொல், ஆனால் நம் பக்கம் புழக்கத்தில் இல்லை.

‘வழங்கு’ என்றால் வெறுமனே கொடுப்பது மட்டும் அல்ல. “வான்நின்று உலகம் வழங்கி வருதலால்” என்ற குறளில் வழங்குதலுக்கு நிலைபெற்று நடத்தல், தொடர்ந்து இயங்குதல் என்று பொருள். வழக்கும் வழக்கமும் பிறந்தது இந்த வேரிலிருந்துதான். ஒரு நொடி கொடுத்துவிட்டு அடுத்த நொடி தளர்வது வழங்குதல் ஆகாது. இந்தப் பெட்டிக்கு இதைவிடச் சரியான பெயர் எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் பழைய பெட்டியைச் சோதிப்பதும் இதை வைத்துத்தான்: சுமை ஏறும்போதும் வழங்குகிறதா?

கடைக்காரர் சொன்ன ‘கொள்ளாம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். குமரி மாவட்டத்தில் நல்லா இருக்கிறது என்பதற்கு நாங்கள் சொல்வது. ‘கொள்ளலாம்’, அதாவது வாங்கலாம் என்பதன் குறுக்கம். கொள் என்பதற்குள் இன்னொரு பொருளும் உண்டு. இந்தப் பானை எத்தனை படி கொள்ளும் என்று கேட்கிறோமே, அந்தக் கொள்ளளவு. பழைய மின்வழங்கியில் இரண்டு கேள்வியும் ஒன்றுதான்: எவ்வளவு கொள்ளும் என்று தெரிந்தால்தான் கொள்ளாமா என்று சொல்ல முடியும்.

அந்தக் கொள்ளளவு பெரிய எழுத்தில் அச்சடித்த 450-ல் இல்லை. ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். இந்தப் பெட்டியில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 192 வாட். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில்தான் தின்னும். மருமகனின் பிராசசர் 65 வாட், கார்டு 120 வாட், போர்டுக்கும் டிஸ்க்குக்கும் ஒரு 30 வைத்தாலே 215 ஆகிவிடுகிறது. மிச்ச வாட்டெல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் கணக்கில் எழுதப்பட்டவை, அவனுக்குப் பெரிதாக உதவாதவை. கார்டு இல்லாத ஆபீஸ் கம்ப்யூட்டர் என்றால் இந்த 192 போதும். அதனால் அப்போதே வேண்டாம் என்று ஒதுக்காமல் சோதித்துப் பார்க்கச் சொன்னேன், அம்மாவின் பழைய கணினிக்காவது ஆகுமே.

முதலில் மூக்கு. கரிந்த வாடை வந்தால் அதோடு விட்டுவிட வேண்டும். அடுத்தது கை. பெட்டி இறகு மாதிரி இருந்தால் செம்பும், சூட்டை வெளியேற்றும் உலோகமான ஹீட் சிங்க்கும் குறைவு என்று பொருள். பிறகு செல்போன் டார்ச்சை பேன் கம்பிக்குள் அடித்து, மின்தேக்கிகளின் (கெபாசிட்டர்) தலை உப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து வந்த பெட்டியானால் பின்களில் பச்சைக் களிம்பு இருக்கும். உப்புக்காற்று வெளியே அவ்வளவு செய்திருந்தால் உள்ளே எவ்வளவோ. எக்காரணம் கொண்டும் மூடியைக் கழற்றக் கூடாது. அந்த 325 வோல்ட் பெரிய மின்தேக்கியில், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும், கை பட்டால் உயிருக்கே ஆபத்து.

போர்டில் மாட்டாமலே பெட்டியை ஓட வைக்க, கடைக்காரர் பச்சை ஒயரையும் கறுப்பையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்தார். பேன் சுற்றியது. “பாத்தியா, ஓடுது” என்றார். ஓடுவது வேறு, வழங்குவது வேறு. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை 12 வோல்ட் வரும் மஞ்சள் ஒயரில் வைத்தேன், 12.1. 5 வோல்ட் வரும் சிவப்பில் 5.1, 3.3 வோல்ட் வரும் ஆரஞ்சில் 3.3. எல்லாமே 5 சதவீத வரம்புக்குள்தான். மஞ்சளுக்கு அந்த வரம்பு 11.4 முதல் 12.6 வரை.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஒரு கார் ஹெட்லைட் பல்பு கேட்டு வாங்கி மஞ்சளுக்கும் கறுப்புக்கும் நடுவே போட்டோம். 55 வாட் பல்பு, நாலரை ஆம்பியர் இழுக்கும். எழுதியிருந்த 16 ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மீட்டர் 11.6 காட்டியது, 11.4-க்கு இறங்கியது, ஒரு நிமிடம் ஆவதற்குள் 11.1. பல்பு மங்குவது கண்ணுக்கே தெரிந்தது. மருமகன் மூச்சு விடாமல் மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். ஒயரைப் பிடுங்கி, பெட்டியைக் குவியலில் வைக்காமல் இரும்புப் பக்கமாக வைத்தார். “இது கொள்ளாது மக்கா. செவ்வாக்கிழமை வா, பேங்க்ல இருந்து கழிச்ச கம்ப்யூட்டர் வருது. பல்பை நீயே கொண்டு வா” என்றார்.